படத்தில் நிற்கிற அப்பா

1. கதைக்கு எதற்கு ஸ்கேல்?

தமிழாசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தி. நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் மட்டும் எனக்குக் கொடுத்தார்கள். ஆறாம் வகுப்பு. பிள்ளைகளைச் சொந்தமாகக் கதை எழுத வைப்பதுதான் வேலை. வீட்டில் சும்மா உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. அந்த ஒரு பீரியடுக்காக வாரம் முழுக்கக் காத்துக்கொண்டிருப்பேன்.

தீபாவளி நெருங்கிய சமயம் ஒரு படம் கொண்டுபோனேன். கலர் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்தது. வாசலில் பெரிய கோலம். அப்பா கம்பி மத்தாப்பு பிடித்துக்கொண்டு நிற்கிறார். அம்மா பட்டுப் புடவையில், மடியில் பலகாரத் தட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் குதிக்கிறார்கள். ஓரத்தில் ஒரு நாய்.

"இதைப் பாத்து என்ன தோணுதோ, அதைக் கதையா எழுதுங்க" என்றேன்.

எல்லோரும் ஸ்கேலை எடுத்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. போய்ப் பார்த்தால் மார்ஜின் போட்டு, 'முன்னுரை' என்று எழுதி, அடிக்கோடு இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம் பொருளுரை. கடைசியில் முடிவுரை. 'மாசில்லாத தீபாவளியைக் கொண்டாடி மகிழ்வோம்' என்று எல்லா நோட்டிலும் அச்சடித்த மாதிரி ஒரே வரி. பரீட்சைக்கு அப்படித்தான் எழுதவேண்டும், மார்க்கும் அதற்குத்தான். ஆனால் நான் கேட்டது கதை அல்லவா?

அடுத்த வாரம், "தலைப்பு கூடாது, ஸ்கேல் பைக்குள்ள போகட்டும்" என்றேன். சொன்ன பேச்சைக் கேட்டார்கள். தலைப்புகளை மட்டும் எடுத்துவிட்டு அதே கட்டுரையை எழுதினார்கள்.

ஹெச்.எம். கூப்பிட்டனுப்பினார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. மேத்ஸ் மிஸ் எக்ஸ்ட்ரா பீரியட் கேக்கறாங்க. தீபாவளி லீவுக்குள்ள ஒரு பிள்ளையாவது சொந்தமா எழுதினதைக் காட்டுங்க. இல்லைன்னா வெள்ளிக்கிழமையை அவங்களுக்குக் கொடுத்துடறேன்."

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை.

2. இரண்டு வரி

வேறு படம் தேட மூளை ஓடாமல், அதே படத்தையே மறுபடியும் மாட்டினேன். முத்துச்செல்வி என்று ஒரு பெண், வகுப்பில் வாயே திறக்காது. அது நோட்டைக் கொண்டுவந்து நீட்டியது. இரண்டே வரி. 'இந்தப் படம் தப்பு. அப்பா நிற்கிறார்.'

கையில் மத்தாப்பு பிடித்தவர் நிற்காமல் வேறென்ன செய்வார்? கிண்டல் பண்ணுகிறதோ என்று கோபம்கூட வந்தது.

"ஏம்மா, நின்னா என்ன தப்பு?"

"எங்கப்பா தீபாவளியன்னைக்கு நிக்க மாட்டாங்க மிஸ். எண்ணெய் தேச்சுக் குளிச்சதும் படுத்துருவாங்க."

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல மிஸ். துணிக்கடையில சேல்ஸ்மேன். தீபாவளி சேல்ஸ் முடியுற வரைக்கும் கடையில உக்காரக் கூடாது. காலு வீங்கிரும். நாங்க சத்தம் வராத மத்தாப்பு மட்டுந்தான் கொளுத்துவோம். அவங்க தூங்கணும்ல?"

நான் வாராவாரம் தாண்டிப்போகிற கடைகள்தான். புடவையை விரித்துப் போடுகிறவரின் கையைப் பார்த்திருக்கிறேன், கால் கவுன்ட்டருக்குப் பின்னால் இருக்கும். வகுப்பைப் பார்த்துக் கேட்டுவிட்டேன். "வேற என்ன தப்பு இந்தப் படத்துல?"

அவ்வளவுதான், வகுப்பே எழுந்துவிட்டது.

"மழையே காணோம் மிஸ்! தீபாவளின்னா எங்க தெருவுல தண்ணி நிக்கும். இன்னா படம் இது?"

"நாய் இன்னாத்துக்கு வெளிய கீது? வெடிச் சத்தம் கேட்டா எங்க மணி கட்டிலுக்கடில பூந்துக்கினு வரவே வராது."

"சொன்னதை அப்படியே எழுதுங்க" என்றேன். பெல் அடித்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தார்கள். தீபாவளியைப் புகழச் சொன்னால் ஒரே கட்டுரை, குறை சொல்லச் சொன்னால் ஆளுக்கொரு வீடு. இது எப்படி என்று எனக்கு விளங்கவே இல்லை.

3. நாற்காலி

ஹெச்.எம். நோட்டுகளைப் புரட்டினார். "இது கதையா மேடம்? குறை சொல்ற மாதிரின்னா இருக்கு?"

"எனக்கும் தெரியலை மேடம்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அவர் படத்தைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அது கிடக்கட்டும், இந்தம்மா எப்படி உக்காந்திருக்கா? அடுப்புல எண்ணெய் காயுமே, அதை யாரு பாக்கறது?" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை என்னிடமே தங்கியது.

பண்டிகைப் படம் காட்டி எழுத வைக்க நினைக்கிற புது டீச்சர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். படம் எவ்வளவு அழகு என்று கேட்காதீர்கள். எங்கே தப்பு என்று கேளுங்கள்.

லீவுக்கு அந்தப் படத்தை முத்துச்செல்வி கேட்டு வாங்கிக்கொண்டு போனது. திருப்பிக் கொடுத்தபோது, அப்பாவுக்குப் பின்னால் மார்க்கர் பேனாவால் ஒரு நாற்காலி வரைந்திருந்தது. நாற்காலி அழகாகத்தான் இருந்தது.

"அப்பாகிட்ட காட்டினியா?"

"காட்டினேன் மிஸ். முதலாளி பாத்தா திட்டுவாருன்னு சொன்னாங்க."

படத்தைத் துடைத்துப் பைக்குள் வைத்தேன். நாற்காலியை மட்டும் நான் அழிக்கவில்லை.