மணல் வீசும் இடம்

இன்று காலை ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் முழங்கால் அளவு பனி. வாசல் பனியை ஒதுக்க, பனி அள்ளும் ஷவலைத் தூக்கினேன். கைகள் என்னைக் கேட்காமலே, கம்பு பிடிப்பதுபோல் இடம் மாறிப் பிடித்துக்கொண்டன. நனைந்த மரப்பிடியின் வாசனை வந்ததுதான் தாமதம், முன்பு நான் வேலை பார்த்த பார்சிப்பனி ஊர் நினைவில் வந்துவிட்டது. சேவியர் வந்துவிட்டான்.

அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை அவன். குமரிக் கடற்கரைக்காரன். அப்போது இருவருமே தனிக்கட்டை. சனிக்கிழமைகளில் துணி துவைக்கப் போகும் லாண்டரிக்கு அடுத்த கடையில்தான் ஒக்கினாவாத் தீவின் தற்காப்பு ஆயுத வகுப்பு. வீரத்தால் சேர்ந்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். துணி காயும்வரை வேறு எங்கே போவது?

முதல் நாள் சுவரில் ஒரு துடுப்பு மாட்டியிருந்தது. ஆயுதமாம்.

"லேய் மக்கா, இதா ஆயுதம்? எங்கப்பா இத வச்சி மீன்தான் பிடிச்சாரு. அடிச்சதெல்லாம் எங்கம்மா!"

சொல்லிவிட்டு அவனே அதை எடுத்துக்கொண்டான். எனக்கு ஆறடிக் கம்பு.

அந்தத் தீவில் அரசன் வாள்களைப் பறித்துக்கொண்டபோது மீனவர் துடுப்பையும் உழவர் அரிவாளையும் ஏந்தினார்கள் என்று வகுப்பில் கதை சொன்னார்கள். இல்லை, அரண்மனை ஆட்களே பழகிய கலை அது என்பவர்களும் உண்டு. சேவியருக்குச் சந்தேகமே கிடையாது. "கடக்கரைல கெடக்கவனுக்குத்தாம்ல மண்ண வாரி எறியத் தோணும்."

துடுப்புப் பயிற்சியில் அப்படி ஓர் இடம் உண்டு. துடுப்பின் நுனியால் மணலை அள்ளி எதிராளியின் கண்ணில் வீச வேண்டும். வகுப்பில் மணலுக்கு எங்கே போவது? அவன் வாயாலேயே "ஷ்ஷ்ஷ்" என்பான். நான் கண்ணை மூடுவேன். முழங்காலில் லேசாக ஒரு தட்டு விழும். நான் கம்பு, அவன் துடுப்பு. நான்கு வருடம், மாற்றிக்கொள்ளவே இல்லை.

அவனுக்கு வேலை போயிற்று. வேறு வேலை தேட விசாவில் அறுபது நாள். அது கரைந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை சொன்னான்: "எனக்க துடுப்புப் பக்கத்தையும் படிச்சி வைல. ஒத்தைக்கி நின்னு என்ன செய்வ?"

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்டா. இன்டர்வியூ கிளியர் பண்ணிடுவ, எங்க போகப்போற?"

ஊருக்குப் போனான். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை.

வகுப்பு நடந்த கடையில் இப்போது பல் டாக்டர். முதலில் வாரம் ஒரு போன், பிறகு பண்டிகைக்கு ஒரு ஃபார்வர்ட். இப்போது அதுவும் நின்றுவிட்டது.

ஷவலைத் துடுப்பாகப் பிடித்துப் பார்த்தேன். அவன் ஆட்டத்தை எதிரே நின்று பார்த்தவன்தானே நான், எனக்கு எல்லாமே இடம் வலமாக வந்தது. கால் பின்னிக்கொண்டது. அந்த ஒரு இடம் மட்டும் பிசகவில்லை. பனியை அள்ளி வீசினேன். பனிக்குச் சத்தமில்லை. வாயால்தான் "ஷ்ஷ்ஷ்" என்றேன்.

எதிரே கண்ணை மூடிக்கொள்ள யாரும் இல்லை.