யாசென் மாமா வீட்டுச் சாவி

ஐந்தாம் மாடி யாசென் மித்தோவைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்கலாம். அவர் வீட்டு மணியை என்னைவிட அதிகம் அடித்தவர்கள் பல்கேரியாவின் இந்த ரூசே ஊரிலேயே கிடையாது. எட்டு வயதில் ஆரம்பித்தேன், இப்போது பதினைந்து. அடித்துவிட்டு ஓடிவிடுவேன் என்பது வேறு விஷயம்.

துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டியவர். வேலை நாளெல்லாம் ஊரையே மேலேயிருந்து பார்த்த மனிதருக்கு, ஓய்வு பெற்றதும் எங்கள் காலடியில் குடியிருக்கும் தலைவிதி. நாங்கள் ஆறாம் மாடி. நான் கொஞ்சம் அழுத்தி நடந்தால் போதும், துடைப்பக்கட்டையால் கூரையில் இடிப்பார். மறுநாள் கீழ்வாசல் கதவில் கட்டம் போட்ட தாளில் ஓர் அறிவிப்பு தொங்கும். அவர் மனைவி தோப்ரிங்கா இறந்து மூன்று வருடமாகிறது. அதன் பிறகு அறிவிப்புகள் அதிகமாயின, அவர் வீட்டுக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

பிப்ரவரியில் நான் ஒரு அறிவிப்பு ஒட்டினேன். அதே கட்டம் போட்ட தாள், கிட்டத்தட்ட அதே எழுத்து. "ஐந்தாம் மாடி யாசென் மித்தோவ் காலை ஆறு மணிக்கு இலவசமாகப் பாட்டுக் கற்றுத்தருகிறார்." நாலு பேர் போய் மணியடித்தார்களாம். அம்மா அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். அவர் கதவைச் சாத்தினார். அந்த லட்சணத்தில்தான் மார்ச் மாதம் எங்கள் குளியலறையை உடைக்க ஆரம்பித்தோம்.

உடைத்தது அப்பாவுக்காக. போன இலையுதிர் காலத்தில் கூரை வேலை செய்யும்போது விழுந்ததிலிருந்து அவருக்கு வலது முழங்கால் மடங்காது. தொட்டியின் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்க அம்மா அவரைக் குழந்தைபோலத் தூக்க வேண்டும். அந்த நேரத்தில் அப்பா கண்ணை மூடிக்கொள்வார். தொட்டியை எடுத்துவிட்டுச் சமதளமாக்கினால் தானே போய்த் தானே வரலாம்.

அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். போர் தொடுக்கப்போகிற தளபதி மாதிரி ஆயத்தம் செய்தாள். குளிர்சாதனப் பெட்டிமேல் பட்டியல் ஏறியது. துணி துவைக்கும் இயந்திரம் சமையலறைக்கு. பல்துலக்கும் பிரஷ்கள் ஊறுகாய் ஜாடிக்குள். தூசி வராமலிருக்க ஒவ்வொரு கதவிலும் ஈர விரிப்பு. குளியல் அம்மாவுக்குச் சலவைக்கூடத்தில், எனக்குப் பள்ளிக்கூட விளையாட்டு அறையில். அப்பாவுக்கு ஈரத்துணித் துடைப்பு. முக்கியமான ஏற்பாடு ஒன்று உண்டு. கழிப்பறைப் பீங்கானைத் தினமும் மாலையில் திரும்பப் பொருத்திவிட்டுப் போவதாகக் க்ரஸ்தியோ மேஸ்திரி சொல்லியிருந்தார்.

இரண்டாம் நாள் அவர் பழைய இரும்புக் குழாயைத் தொட்டதும் அது ரொட்டித் துண்டு மாதிரி கையோடு உதிர்ந்து வந்தது.

"நெவெனா, இன்னைக்குப் பீங்கான் வைக்க முடியாதும்மா."

"நாளைக்கு?"

"பத்து நாள். கான்கிரீட் காயணும்ல."

சாமான் அறையில் திரை கட்டி, உள்ளே ஒரு வாளி வைத்து, அதன்மேல் ஓட்டை போட்ட நாற்காலி வைத்தோம். நானும் அம்மாவும் போகிற வருகிற இடங்களில் சமாளித்துக்கொண்டோம். அப்பாதான் எங்கேயும் போவதில்லை. மருந்துகளுக்காக நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் மேஜைமேல் வைத்த தம்ளர் மாலையிலும் நிறைந்தே இருந்தது. தாகம் இல்லை என்றார். வாளியைத் தூக்கிக் கொட்டுவது நான்தான் என்பது அவருக்குத் தெரியும். மூன்றாம் நாள் அவர் உதடு வெடித்திருந்தது.

"யாசென்கிட்ட கேட்டா என்ன? ஒரு மாடிதானே, லிஃப்ட் இருக்கு" என்றார் மேஸ்திரி.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கறது?" என்று அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஊறுகாய் ஜாடியைப் பார்த்தேன்.

சனிக்கிழமை மாலை அம்மா காலண்டர் முன்னால் நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள். மறுநாள் குருத்தோலை ஞாயிறு. பூவின் பெயரோ மரத்தின் பெயரோ உள்ளவர்கள் எல்லோருக்கும் பெயர் நாள், பிறந்தநாள் மாதிரி வீடு தேடி வந்து வாழ்த்துவார்கள். அம்மா நெவெனா என்றால் சாமந்திப்பூ, நான் இவா என்றால் வில்லோ மரம், இரண்டு பேருக்குமே அன்றுதான். ஈஸ்டரோடு சேர்ந்து வருடாவருடம் நகரும் நாளை, அம்மா போன வருடக் கணக்கில் இரண்டு வாரம் தள்ளி நினைத்திருந்தாள்.

"வராதீங்கன்னு போன் பண்ணிச் சொல்லிடு" என்றார் அப்பா.

"யாருக்குன்னு பண்ணுவேன் பிளாமென்? நான் யாரையாவது கூப்பிட்டேனா?"

அதுதான் சங்கடம். பெயர் நாளுக்கு யாரையும் கூப்பிடுவதில்லை, வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதுமில்லை. அப்பாவோடு கூரை வேலை செய்த ஆட்கள் வருவார்கள். திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். அப்பா தம்ளரைச் சற்றுத் தள்ளி வைத்தார்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. யாசென் என்பதும் மரத்தின் பெயர்தான்.

ஞாயிறு காலை, குருத்தோலைக்குப் பதிலாக அம்மா கோயிலிலிருந்து கொண்டுவந்து எங்கள் கதவில் மாட்டிய வில்லோ மரக் கிளையை எடுத்துப்போய் அவர் கதவில் மாட்டினேன். லிஃப்டில் ஒரு தாள் ஒட்டினேன். "பெயர் நாள் விருந்து ஐந்தாம் மாடியில்." பாதி அப்பாவுக்காகச் செய்தேன். மீதிப் பாதியைக் கேட்காதீர்கள்.

படிக்கட்டுத் திருப்பத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டே காது கொடுத்தேன். மணி அடித்தது. யாசென் மாமா பனியனோடு கதவைத் திறந்தார். அம்மாவோடு வேலை செய்யும் ஸ்லாவ்கா அக்கா கெண்டைமீன் தட்டோடு, பின்னால் கூரைக்காரர்கள் நாலு பேர் பாட்டில்களோடு.

"நெவெனா மேல்மாடி" என்றார் அவர்.

"லிஃப்ட்ல இங்கேன்னு போட்டிருக்கே. நீங்க யாசென்தானே, கதவுல பேரு இருக்கே?"

"ஆமா."

"அப்போ உங்களுக்கும் இன்னைக்குத்தானே. உங்க பேரு நல்லா இருக்கட்டும். இந்தத் தட்டைப் பிடிங்க, கை சுடுது."

அவர் ஏதாவது சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். "இருங்க, சட்டை போட்டுட்டு வரேன்" என்றது குரல்.

பிறகு அவர் நேராக மாடியேறி என் முன்னால் வந்து நின்றார். கையில் லிஃப்டில் ஒட்டியிருந்த தாள்.

"குரங்கே, இந்தத் தடவை என் எழுத்து மாதிரி எழுதணும்னுகூட உனக்குத் தோணலயா?"

"அவசரம் மாமா."

"என்கிட்ட நாற்காலி ஆறுதான் இருக்கு. உங்க வீட்டுல இருக்கறதைத் தூக்கிட்டு வா. ஓட்டை போட்டது வேண்டாம்."

வாளி விஷயம் அவருக்கு எப்படித் தெரியும் என்று விழித்தேன். பிறகுதான் உறைத்தது. எங்கள் கழிப்பறைத் தண்ணீர் அவர் சுவர் வழியாகத்தான் இறங்குகிறது. நாலு நாளாக அது இறங்கவில்லை என்பதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

அப்பாவை அழைக்க அவரே எங்கள் வீட்டுக்குள் போனார். "உன் ஆளுங்க என் ராக்கியாச் சாராயத்தைக் குடிக்கறாங்க. நீ வந்து அவங்களக் கட்டுப்படுத்து" என்றார். அப்பா ஊன்றுகோல்களை எடுத்தார்.

விருந்தில் அப்பா முதலில் எதையும் தொடவில்லை. யாசென் மாமா யாருக்கும் கேட்காதபடி அவர் காதருகே, "இடது பக்கம் இரண்டாவது கதவு. உள்ளே கம்பி இருக்கு" என்றார். அப்பா வெகு நேரம் கழித்து வந்தார், தனியாக. வந்ததும் தண்ணீர்க் கூஜாவைப் பக்கத்தில் இழுத்து மூன்று தம்ளர் குடித்தார். அம்மா சாலட் நறுக்கிக்கொண்டிருந்தவள் சும்மா இருந்த வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

நானும் போய்ப் பார்த்தேன். சுவரில் இரண்டு கம்பிகள், ஒன்று உட்கார, ஒன்று எழ. தோப்ரிங்கா அத்தைக்காக அவரே பொருத்தியவை. மூன்று வருடமாகியும் கழற்றவில்லை. பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்.

கிளம்பும்போது என்னிடம் சாவி கொடுத்தார். "அப்பனைக் கூட்டிட்டு எப்ப வேணா வா. மணி மட்டும் அடிக்காதே. நீ அடிச்சா நான் திறக்க மாட்டேன், பழகிப்போச்சு."

"பாட்டு கிளாஸ் உண்டா மாமா?"

"சாவியக் குடு."

கொடுக்கவில்லை.

பத்து நாள் பதினாறு நாளானது. அப்பாவின் தம்ளர் ஒருநாளும் நிறைந்து நிற்கவில்லை. கம்பி வைக்க வேண்டிய உயரத்தை யாசென் மாமா தன் வீட்டில் அளந்து தாளில் எழுதித் தந்தார், கட்டம் போட்ட தாளில். மேஸ்திரி அதைப் பார்த்துத்தான் துளை போட்டார்.

எல்லாம் முடிந்த அன்று அப்பா புதுக் குளியலறைக்குள் போய் உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொண்டார். அம்மா வெளியே ஒரே துண்டை நாலு முறை மடித்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து குழாயில் டொக், டொக் என்று இரண்டு தட்டு.

"ஐயோ, அவருக்குத் தொந்தரவா இருக்கோ?" என்றாள் அம்மா.

இல்லை என்று எனக்குத் தெரியும். துடைப்பக்கட்டையின் கோபத்தை ஏழு வருடம் கேட்டு வளர்ந்தவள் நான். இது கரண்டியால் மெதுவாகத் தட்டிய சத்தம்.

உள்ளேயிருந்து அப்பா கம்பியில் இரண்டு முறை பதிலுக்குத் தட்டினார். பிறகும் அவர் வெளியே வர அவசரப்படவே இல்லை.