தேர் நாளில் சாத்திய கதவு

பேய், ஆவி, பில்லி சூனியம் எதையும் நான் ஏற்றுக்கொண்டவன் அல்ல. வேதியியல் படித்தவன். இன்றும் சோதித்துப் பார்க்காத ஒன்றை நம்பமாட்டேன். இதைக் கேட்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வரலாம். வரட்டும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அது உலகச் சண்டைக் காலம். இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் டாக்டர் ஞானதுரைக்கு நான் உதவியாளன். அவர் சீமையில் படித்துப் பட்டம் வாங்கியவர். வறண்ட காற்றில் நூல் ஏன் அறுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் அவரை வேலைக்கு வைத்திருந்தார்கள். நூலுக்கு ஈரம் ஏற்றுவதற்கென்று ஆலையின் பின்பக்கம் ஓர் அறை உண்டு. தரையில் தண்ணீர் நிற்கும், ஜன்னல் கிடையாது. அங்கே ஒரு தொட்டியில் படிகாரத்தைக் கரைத்து வைத்து அவர் படிகம் வளர்த்தார். ஈரத்தை அளப்பதற்கு என்றுதான் முதலில் சொன்னார். பிறகு படிகத்துக்கு நினைவு உண்டு, அது பேச்சை வாங்கி வைத்துக்கொள்ளும், ஒன்றை இரண்டாக வெட்டினால் ஒரு பாதியிடம் சொன்னது மறு பாதியில் கேட்கும் என்றெல்லாம் போய்விட்டார். தினமும் தொட்டியின் மேல் குனிந்து, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்பார்.

ஆலையில் அது பெரிய வேடிக்கை. "என்ன சார், ஒங்க டாக்டரு கல்லுக்கு மாப்பிள்ளை பாக்காராமே?" என்று சுப்பையா மேஸ்திரி என்னைச் சீண்டுவார். கூட இருப்பவன் நான், எனக்குத்தான் அவமானம். ஒருநாள் நூல் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, டாக்டர் கேட்டதும் குரலை மாற்றி "இருக்கேன்" என்றேன். அவர் அந்தத் தண்ணீரிலேயே முழங்காலிட்டு அழுதார். எழுந்து போய் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாளே லீவு போட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் வேலையை உதறிவிட்டு, படிகத்தில் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகை வீட்டில் குடியேறியிருந்தார். நல்ல விஞ்ஞானி ஒருவரைப் பாழாக்கிவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் போய்ச் சொல்லவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு ஆலையை மூடிவிடுவார்கள், மறுநாள்தான் திறப்பு. அப்படி மூடும்போது அறையின் ஈரம் போய்விடாமல் கதவின் ஓரமெல்லாம் நனைத்த சாக்கைக் கட்டி, இறுகச் சாத்தி, வெளியே இரும்புப் பட்டையைப் போடுவது வழக்கம். சாத்துமுன் மேஸ்திரி ஒரு குரல் கொடுப்பார். அந்தக் காலையில், மீதிப் படிகத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத் தொட்டியைக் கழுவும்படி மேனேஜர் சொல்லியிருந்ததால், நான் வாளி தேடிக்கொண்டு உள்ளே பெட்டிகளின் மறைவில் நின்றிருந்தேன்.

"உள்ள ஆரும் இருக்கியளா? வெரசா வாங்க, தேரு கெளம்பிரும்!"

நான் வாயைத் திறக்குமுன், என் தோளுக்குப் பக்கத்திலிருந்து என் குரல் பதில் சொன்னது. "நான் வெளிய வந்துட்டேன் மேஸ்திரி, சாத்துங்க."

நம்பினால் நம்புங்கள், என் உதடு அசையவில்லை. நான் விறைத்து நின்ற அந்த ஒரு மூச்சில் பட்டை விழுந்தது. குரல் தன் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்ததாக மேஸ்திரி பிறகு சத்தியம் செய்தார்.

இருட்டு. கதவை அடித்தேன். ஈரச் சாக்கு சத்தத்தை விழுங்கிவிட்டது. கத்தினேன், தொண்டை கட்டும்வரை கத்தினேன். நேரம் போகப்போகக் காற்று வெந்நீர் ஆவி போலக் கனத்தது, மூச்சை இழுத்தால் பாதிதான் உள்ளே போயிற்று. ஊரே தேர் இழுக்கப் போயிருக்கிறது, நாளைக்கு என் பிணத்தைத்தான் எடுப்பார்கள் என்று தெரிந்துபோயிற்று. கடைசியில் நான் என்ன செய்தேன் தெரியுமா? தடவித் தடவிப் போய், எதை எறிய வந்தேனோ அதன் முன்னால் மண்டியிட்டு, "டாக்டர், வந்து திறங்க" என்று கெஞ்சினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. வாசலில் டாக்டர், சட்டையெல்லாம் வியர்வை.

"ஏம்ப்பா, இப்படியா கத்துவ? எங்கிட்ட இருக்கிற பாதியில தேர்ச் சத்தத்துக்கு மேல கேக்குது. குதிரைவண்டிக்காரனை வெரட்டிக்கிட்டு வாரேன்."

அவர் காலைப் பிடித்துக்கொண்டு, அன்று பேசியது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும்ல. ஒன் குரல் எனக்குத் தெரியாதா? நமக்காக ஒருத்தன் ஒளிஞ்சு நின்னு பேசுதானேன்னுதான் அழுதேன். நீ ஊருக்குப் போன பொறவும் பதில் வந்துச்சு. அதுக்குத்தான் வேலையை விட்டேன்."

அந்தப் பதிலைக்கூட நான் எப்படியோ விழுங்கிக்கொண்டேன். இத்தனை வருஷமாக விழுங்க முடியாமல் கிடப்பது அதற்கு அடுத்து நடந்ததுதான். நான் வெளியே வந்த பிறகும் அவர் கதவைச் சாத்தவில்லை. பிடித்துக்கொண்டே நின்றார்.

"மத்தவரு எங்க?"

"யாரு டாக்டர்?"

"நீ 'திறங்க'ன்னு கத்தும்போதெல்லாம், 'நானும், நானும்'னு ஒருத்தர் சொல்லிக்கிட்டே இருந்தாரே."

உள்ளே இருட்டைப் பார்த்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, பெரியவர்களுக்கு வழி விடுவதுபோல ஒதுங்கி நின்றார். அவருடைய கண்கள் மெதுவாக நகர்ந்தன. என்னைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, ஆலையின் கேட்டுக்கு வெளியே இடது கைப்பக்கம் திரும்பும் தெருவரை போயின. அப்புறம்தான் கதவைச் சாத்தினார்.

என் வீடு அந்தத் தெருவில்தான் இருந்தது.