ரயிலுக்குப் போட்ட பூட்டு

பென்னலூர் வீட்டு மேசையில் ஜோயல் குட்டி ரயில் ஓட்டுகிறான். அட்டையில் ஸ்டேஷன், ஸ்பாஞ்சில் மரம், எல்லாம் அவன் கைவேலை. ஆனால் ஒரு பெட்டி தடம்புரண்டால்கூட, சுவிட்சுப் பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்ட பிறகுதான் தொடுவான். ஒரகடம் கம்பெனியில் இரும்புத் தகடு அழுத்தும் ராட்சத பிரஸ்ஸுக்குள் இறங்கி ரிப்பேர் பார்ப்பவனின் பயம் அது. உள்ளே ஆள் இருக்கும்போது யாரும் ஓட்டிவிடக் கூடாதென்று அங்கே மெயின் சுவிட்சுக்கும் இதே பூட்டைத்தான் கொண்டுபோய்ப் போடுவான்.

"பொம்மை ரயிலுக்கு இன்னாத்துக்குய்யா கம்பெனி பூட்டு?" என்று சிரிப்பாள் மனைவி ஷெர்லின்.

இன்று பிரஸ் நின்றதும் சூப்பர்வைசர் கத்தினார். ஜோயல் அவசரமாகப் பையைத் தொட்டான், சாவி இருந்தது. பூட்டியாகிவிட்டது என்று நம்பி உள்ளே இறங்கினான். போல்ட்டில் கை வைத்தபோது தலைக்கு மேல் மோட்டார் உறுமியது.

பூட்டு வீட்டில், ரயிலின் சுவிட்சில் தொங்கிக்கொண்டிருந்தது.