களி குறைவான குழந்தை

மலையாளத்தில் எனக்கு நன்றாக வருவது தலையாட்டுவது மட்டும்தான். உடுமலைப் பக்கத்திலிருந்து கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைக்குக் கல்யாணமாகி வந்தவள் நான். இங்கே மளிகைக் கடையில் தமிழ், பொள்ளாச்சி பஸ்ஸில் தமிழ், கோயிலில் தமிழ். மலையாளம் தெரியாமலே பிழைப்பு ஓடியது. ஆனால் பி.காம். படித்தவள் என்ற கித்தாப்பு ஒன்று இருந்ததே, அது மட்டும் கூடவே வந்துவிட்டது. யாராவது மலையாளத்தில் பேசினால் பாதி புரியும். மீதியை நானே இட்டு நிரப்பிக்கொண்டு, "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிவிடுவேன். ரெண்டும் அக்கா தங்கச்சி மொழிதானே, எங்கே போய்விடப் போகிறது என்று ஒரு தைரியம்.

மகள் நாலு வயதில் அங்கன்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். தமிழ் பேசுகிற பழைய டீச்சர் மாற்றலாகிப் போய், ஷொர்ணூர் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். நல்ல மனுஷி, ஆனால் தமிழ் சுத்தமாக வராது. புது டீச்சர் வந்ததிலிருந்து மகள் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டாள். டீச்சர் பேசுவது அவளுக்குப் புரியவில்லை, புரியவில்லை என்று சொல்லவும் இல்லை. என் மகளாயிற்றே.

ஒருநாள் மத்தியானம் கூப்பிடப் போனபோது, டீச்சர் வாசலில் என்னை நிறுத்திச் சொன்னார். "மோள்க்கு களி கொறவாணு, கேட்டோ. வீட்டில் நன்னாயி களிப்பிக்கணம்."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. களி குறைவாம். பிள்ளைக்குச் சத்துப் போதவில்லை, வீட்டில் நன்றாகக் களி கொடுங்கள் என்கிறார். அங்கன்வாடி என்றாலே எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது என்றுதானே நமக்குத் தெரியும். தென்னந்தோப்பும் மாடும் இருக்கிற வீட்டுப் பிள்ளையைப் பார்த்து, வளர்ச்சி போதாது என்று மற்ற தாய்மார்கள் நிற்கும்போது சொல்லிவிட்டாரே என்று அவமானமாக இருந்தது. வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், மலையாளம் தண்ணி பட்ட பாடு.

"பாப்பாவுக்குச் சத்துப் பத்தலையாமுங்க. களி கிண்டிக் குடுக்கோணும்னு டீச்சர் சொல்றாங்க."

"களியா? அந்த டீச்சரா சொன்னாங்க? என்ன சொன்னாங்கன்னு அப்படியே சொல்லு புள்ள."

"ஏனுங்க, எனக்குக் காது கேக்காதா? இல்ல, மலையாளம் தெரியாதுங்கறீங்களா?"

அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். என்னோடு வாய் கொடுத்தால் தூக்கம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாளே ராகி அரைத்து வந்தேன். காலையில் ஒரு உருண்டை, சாயங்காலம் ஒரு உருண்டை. களியை மெல்லக் கூடாது, அப்படியே முழுங்க வேண்டும். பெரியவர்களுக்கே பழக வேண்டிய சங்கதி அது. மகளுக்கு அது தொண்டையில் நின்றது. கருப்பட்டி போட்டேன், நல்லெண்ணெய் விட்டேன், அப்போதும் துப்பினாள். சாயங்காலமானால் அவள் தென்னை மரத்தடியில் கொட்டாங்குச்சியும் ஈர மண்ணுமாக உட்கார்ந்து, துணிப் பொம்மையோடு ஏதோ பேசிக்கொண்டிருப்பாள். நான் போய்க் கொட்டாங்குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தூக்கி வருவேன். காலை நீட்டி உட்கார்ந்து, அவளை என் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, மூக்கைப் பிடிப்பேன். மூச்சுக்காக வாய் திறந்துதானே ஆக வேண்டும்? திறந்ததும் உருண்டை உள்ளே போகும்.

"அழுதாலும் உடமாட்டேன். முழுங்கு சாமி, முழுங்கு. டீச்சர் சொல்லியிருக்காங்கல்ல."

எழுதும்போதே கை கூசுகிறது. அன்று கூசவில்லை. பிள்ளைக்காகப் பாடுபடுகிறேன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாக, மகள் இன்னும் மோசமானாள். சுவரோரம் உட்கார்ந்திருந்தவள் இப்போது அங்கன்வாடி வாசலிலேயே என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். டீச்சர் கவலையோடு சொன்னார். "களிக்கான் விளிச்சா மோள் கரயும்."

களிக்குக் கூப்பிட்டால் அழுகிறாளாம். இங்கேயும் களி கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஊட்டுலயும் அப்படித்தானுங்க டீச்சர்" என்றேன்.

டீச்சர் என்னைப் பாவமாகப் பார்த்தார். நானும் அவரைப் பாவமாகப் பார்த்தேன்.

அந்த மாதம் தாய்மார் கூட்டம் வைத்தார்கள். குழந்தைகள் ஒரு பக்கம் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்க, மகள் மட்டும் தள்ளி உட்கார்ந்திருந்தாள். டீச்சர் களியைப் பற்றியே நெடுநேரம் பேசினார். பிறகு, வீட்டில் எப்படிக் களிப்பிக்கிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். என் முறைக்குக் காத்திருக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. என் பிள்ளையைக் குறை சொன்னதைக் கேட்டவர்கள் முன்னால் பதில் சொல்ல வேண்டுமே. எழுந்து நின்று கணீரென்று சொன்னேன்.

"நான் ரெண்டு நேரமும் குடுக்கறேனுங்க டீச்சர். உருண்டை உருண்டையா. வேண்டாம்னா உடறதில்லீங்க, மூக்கப் புடிச்சாச்சும் முழுங்க வெச்சுப்போடுவேன்."

முதலில் ஒருத்தி சிரித்தாள், பின்னாலேயே எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் என் சேலையை இழுத்து உட்கார வைத்தாள்.

"அக்கா, களின்னா மலையாளத்துல வெளையாட்டுங்க. ஊட்டுல நல்லா வெளையாட உடுங்கன்னு சொல்றாங்க. இந்த வயசுல வெளையாண்டாத்தான் பேச்சு வரும், கொழந்தை நாலு பேரோட சேருமாம்."

நான் களி ஊட்டின கதையை டீச்சருக்கு அவளே மலையாளத்தில் எடுத்துச் சொன்னாள். டீச்சரும் முதலில் சிரிக்கத்தான் வாயெடுத்தார். பாதியில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. மகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் அவர் ஆசையாக "களிக்கான் வா" என்று கூப்பிட்டபோதெல்லாம், அந்தப் பிள்ளையின் காதில் என்ன விழுந்திருக்கும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் அப்போதுதான் புரிந்தது. பூமி பிளந்து என்னை விழுங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது. சிரித்தவர்களைக்கூட நான் மன்னித்துவிடுவேன். விளையாட வைக்கச் சொன்ன பிள்ளையை, விளையாட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து மூக்கைப் பிடித்தவள் நான். ஒரு வார்த்தை, "எனக்குப் புரியலீங்க" என்று கேட்டிருந்தால் போதும். அதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது, அதற்கான விலையைப் பிள்ளை கொடுத்தது.

அன்று சாயங்காலம் களி கிண்டவில்லை. தென்னை மரத்தடிக்குப் போய் அவளுக்கு எதிரில் மண்ணில் உட்கார்ந்தேன். இரண்டு கையாலும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"களி இல்ல கண்ணு. அம்மா உன்றகூட வெளையாட வந்தேன்."

அவள் நம்பவில்லை. என் கைகளைப் பார்த்தாள், முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். வெகுநேரம் கழித்துத்தான் பொத்தின கையை எடுத்தாள்.

"அப்படின்னா நீ பாப்பா. நான் அம்மா."

சரி என்று தலையாட்டினேன். என்னைப் படுக்கச் சொன்னாள். என் தலையைத் தன் சின்ன முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டாள். கொட்டாங்குச்சியில் ஈர மண்ணை உருட்டினாள். மூக்கைப் பிடித்தாள், கொஞ்சம்கூடத் தவறாமல், நான் பிடிக்கிற மாதிரியே.

"அழு" என்றாள். அழச் சொல்லித்தர வேண்டிய நிலையில் நான் இல்லை.

மண் உருண்டை உதட்டருகே வந்தது. வாயைத் திறந்தேன். ஊட்டினால் முழுங்கிவிடுவது என்றே இருந்தேன். என் கண்ணீரைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றது. மூக்கை விட்டாள். உருண்டையைத் தூர எறிந்தாள். மண் கையாலேயே என் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

"போதும் சாமி. நீ போய் வெளையாடு."

அதை அவளிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை.