என் பெயரில் ஒரு கணக்கு

எனக்குக் கொஞ்சம் ரோஷம் ஜாஸ்தி. ஒன்றரை வருஷம் மனைவியின் வங்கிக் கணக்கில் காலம் தள்ளியவன் இப்படிச் சொன்னால் எங்கள் வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இந்தத் தெலுங்கு ஊரில், அமீர்பேட்டில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. கோச்சிங் சென்டர் பிள்ளைகள் நோட்ஸ் நகலெடுக்கவும் ரெஸ்யூம் அடிக்கவும் வருவார்கள். காலை எட்டு மணிக்கே மாடிப்படி வரை வரிசை நிற்கும். அந்தத் தைரியத்தில் லோன் போட்டு இரண்டு பெரிய மெஷின் வாங்கினேன். பிறகு வகுப்புகள் எல்லாம் போனுக்குள் போய்விட்டன, நோட்ஸும் கூடவே போனது. தவணை நின்றது. கிரெடிட் கார்டைத் தேய்த்துச் சமாளித்தேன், அதுவும் நின்றது. கடைசியில் கடையை மூடி, மெஷின்களை விற்று, பேசி ஒரு தொகைக்கு முடித்துக்கொண்டேன். முழுக்கக் கட்டாமல் பேசி முடித்த ஆள் என்று என் கிரெடிட் ரிப்போர்ட்டில் குறித்து வைத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஸ்கோர் பாதாளத்தில் கிடந்தது. அந்தக் கோபத்தில் லோன் கொடுத்த வங்கியில் இருந்த என் சேமிப்புக் கணக்கையும் மூடிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு எந்த வங்கிப் படியும் ஏறவில்லை. என் பெயரைத் தட்டினால் திரையில் சிவப்பாக ஏதோ வரும், பத்துப் பேர் முன்னால் கணக்குக் கிடையாது என்று சொல்லிவிடுவார்கள் என்று பயம். யாரிடமும் விசாரிக்கவும் இல்லை. விசாரித்தால் எதற்குக் கேட்கிறாய் என்பார்களே. என் மனைவி தார்நாகா பக்கம் ஒரு கிளினிக்கில் பில்லிங் பார்க்கிறாள். அவள் கணக்கிலிருந்து நான் செலவு செய்ய என் போனில் ஒரு வசதி செய்து கொடுத்தாள். நான் எங்கே பணம் கொடுத்தாலும் அவள் பெயர்தான் போகும். ஹப்சிகுடாவில் எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் என்னைக் கண்டாலே "ஆயியே மேடம்", அதாவது வாங்க மேடம், என்பார். நானும் சிரித்து வைப்பேன். உள்ளே சுருக்கென்று இருக்கும்.

இப்படி இருக்கும்போது சைனிக்புரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை கிடைத்தது. கேள்வித்தாள் அடிப்பது, சர்க்குலர் எடுப்பது என்று எல்லாம் பழகிய வேலை. அந்தப் பள்ளியின் அக்கவுண்டன்ட் மட்டும் கறார். சம்பளம் போட என் சொந்தப் பெயரில் கணக்கு வேண்டும், மனைவி கணக்கு ஆகாது, வெள்ளிக்கிழமைக்குள் பாஸ்புக் நகல் வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவேன் என்றார். திங்கட்கிழமை சொன்னார். செவ்வாயும் புதனும் நான் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐம்பத்தோரு வயதில் இன்னொரு வேலை யார் தரப்போகிறார்கள்?

வியாழன் காலை மனைவி டிபன் தட்டை வைத்துவிட்டு எதிரில் நின்றாள்.

"பேங்க்ல போயி கேட்டா என்னங்க, கடிச்சா திங்கப் போறாங்க? நான் வேணா லீவு போட்டுட்டு வரட்டா?"

"நக்கோ நக்கோ, வேணாம். நானே போறேன்."

புது வங்கியில் கணக்குத் தொடங்கும் மேஜையில் ஒரு தெலுங்குப் பெண் இருந்தாள். என் மகள் வயது இருக்கும். அவள் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஜெராக்ஸ் கடை, மெஷின், கிரெடிட் கார்டு, ஸ்கோர் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். போலீஸ் ஸ்டேஷனில் சரணடைந்தவன்கூட இவ்வளவு ஒப்புக்கொண்டிருக்க மாட்டான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஸ்கோர் கைக்கு சார்? லோன் நக்கோ நா ஆப்கு?" என்றாள். கடன் கேட்கவில்லையே, ஸ்கோர் எதற்கு என்கிறாள்.

பிறகு விளக்கினாள். அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று இருக்கிறதாம். யார் வேண்டுமானாலும் தொடங்கலாம். ஸ்கோர் பார்ப்பதில்லை, குறைந்தபட்ச இருப்பு வேண்டாம், டெபிட் கார்டுக்குக் காசு இல்லை. மாதத்தில் சில தடவைக்கு மேல் ரொக்கமாக எடுக்க முடியாது, போனில் கொடுப்பது அதில் சேராது, அவ்வளவுதான். ஒன்றரை வருஷம் எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்று நினைத்தேனோ, அதை நான் தள்ளிக்கூடப் பார்க்கவில்லை. அவள் முன்னால் அசடு வழிந்தேன்.

ஆனால் சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஆதாரில் என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல். பான் கார்டில் அதே அப்பா பெயர் முழுதாக, அதுவும் குடும்பப் பெயரின் இடத்தில். இரண்டும் வேறு வேறு ஆள் என்று கம்ப்யூட்டர் அடம்பிடித்தது. தெலுங்குக்காரர்களுக்கு இன்டிபேரு என்று வீட்டுப் பெயர் உண்டு, வடக்கத்திக்காரர்களுக்கு சர்நேம் உண்டு, நமக்கு அப்பாதான் எல்லாம். என் கெட்ட பெயர் தடுக்காத கணக்கை அப்பாவின் நல்ல பெயர் தடுத்தது.

"தமிள் லோகான் ஆயே தோ ஏஹிச் லஃப்டா," என்று அவள் சிரித்தாள். தமிழர்கள் வந்தாலே இதே தொல்லையாம். பிறகு ஒரு படிவம் நீட்டினாள். அந்த ஆளும் இந்த ஆளும் ஒருவரே என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

பாஸ்புக்கோடு ஒரு கவரும் கொடுத்தார்கள். அங்கேயே பிரித்தேன். கையோடு தருகிற டெபிட் கார்டு என்பதால் அதில் பெயர் அச்சடிக்கவில்லை. பெயர் வரவேண்டிய இடத்தில் 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. தவணை நின்றபோது கடன் வசூல்காரர்கள் போனில் என்னை என்னவெல்லாம் கூப்பிட்டார்கள் என்று எனக்குத்தான் தெரியும். சந்தோஷமாக இருந்தது. வெள்ளிக்கிழமை முதல் ஆளாகப் போய் பாஸ்புக் நகலைக் கொடுத்தேன். அந்தக் கார்டை வைத்து என் போனிலும் என் கணக்கையே இணைத்துக்கொண்டேன்.

முதல் சம்பளம் வந்த மறுநாள் மத்தியானம், பள்ளிக்கு எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு என் கணக்கிலிருந்து பணம் கொடுத்தேன். அதுவரை என் ஒவ்வொரு செலவுக்கும் மனைவியின் போனில் மெசேஜ் போகும். ஒரு சமோசா தின்றால்கூட அவளுக்குத் தெரிந்துவிடும். எனக்கு அது கூச்சமாகவே இருந்தது. அந்தத் தொல்லை விட்டது என்று இன்னொரு டீ சொன்னேன்.

அரை மணி கழித்து அவள் கூப்பிட்டாள். வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை.

"இன்னிக்கு டீ குடிக்கலியா?"

"குடிச்சேனே. ரெண்டு."

"மெசேஜ் வரலியே."

"என் அக்கவுண்ட்லேருந்து குடுத்தேன்." கொஞ்சம் பந்தாவாகவே சொன்னேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள். "கடய மூடின அப்புறம் நீங்க வெளிய போனா எங்க போறீங்க, என்ன நெனப்புல இருக்கீங்கன்னு ஒண்ணும் தெரியாது. மத்தியானம் டீக்குக் குடுத்த மெசேஜ் வந்தாத்தான், சரி, மனுஷன் நல்லா இருக்காருன்னு நான் சாப்பாட்டு டப்பாவத் தொறப்பேன்."

"இன்னும் சாப்பிடலியா?" என்று மட்டும் கேட்டேன்.

"இப்பதான் பேசிட்டேனே. சாப்பிடறேன்."

போனை வைத்ததும் அவளுக்கு ஒரு ரூபாய் அனுப்பினேன். 'வந்துச்சு' என்று பதில் போட்டாள். இப்போதும் தினம் டீ குடித்ததும் ஒரு ரூபாய் அனுப்பிவிட்டுத்தான் கடையை விட்டு எழுந்திருக்கிறேன்.