ஹஃபீஸா எந்த வகை

குனோங் ராபாட் ஊரில் ஜைனுலாப்தீன் வாப்பாவின் சாப்பாட்டுக் கடைச் சமையல்கட்டு, அவர் மகள் ஹஃபீஸாவின் கையில். என் பள்ளித் தோழி. நான் பெர்த்தில் வேலை பார்க்கிறேன். அவளுக்கு நடப்பதெல்லாம் போனில்தான் தெரியும், தெரிந்ததும் பயப்படுவது என் பங்கு.

அவளுக்கு மாதவிலக்கு வருஷத்தில் நாலு முறை வந்தாலே பெரிசு. தாடையில் முடி. ஆளோ ஒல்லி. ஆயர் தாவார் ஊர் உஸ்மானுக்கு அவளைப் பெண் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் டாக்டர் பிரதீபா, "பிசிஓஎஸ்ஸா, சினைப்பை நீர்க்கட்டி நோயா இருக்கலாம்" என்றார். பிள்ளை பிறக்குமா என்ற கேள்வி அன்றே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஒல்லிப் பொண்ணுக்கு அது வராதுலா," என்றார் அவளுடைய லத்தீபா மாமி. அப்படியும் ‘உங்கள் பிசிஓஎஸ் எந்த வகை?’ என்ற கேள்வி பதில் ஒன்றைப் போனில் அனுப்பினார். ஹஃபீஸா பதில்களை அழுத்தினாள். ‘உங்களுடையது மனஉளைச்சல் வகை’ என்று வந்தது. கீழே ஒரு பவுடர் டப்பா விளம்பரம்.

"மாமி, இந்தக் கடையில வேலை பாக்குற எல்லாருமே அந்த வகைதான். வாப்பாவுக்கும் ஒரு டப்பா வாங்குங்க."

டாக்டர் சொன்னபடி வெறும் வயிற்றில் சோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். சர்க்கரை ஏறியிருந்தது. அப்படியானால் சர்க்கரை வகை என்று மாமி தீர்ப்புச் சொன்னார். அதைக் கேட்டுச் சோற்றை விட்டவள் அடுப்படியில் தலைசுற்றி உட்கார்ந்தாள். அதன்பிறகுதான் டாக்டர் கேட்டார்:

"ரத்தம் குடுத்த அன்னைக்குக் காலையில என்ன செஞ்சீங்க?"

"எல்லாக் குழம்புக்கும் உப்புப் பார்த்தேன். தே தாரேக் டீல இனிப்பு சரியான்னு ரெண்டு மூணு வாய்."

"சாப்பிடலன்னு சொன்னீங்களே?"

"உப்புப் பாக்குறது சாப்பாடா டாக்டர்? நோன்பிலயே நாக்கு நுனியில பாக்கலாம், முறியாது."

"நோன்பில துப்பிடுவீங்க. அன்னைக்குத் துப்பினீங்களா?"

"தே தாரேக்கை யாராச்சும் துப்புவாங்களா?"

சில நாள் பழையபடி சாப்பிட்டு, ஒரு காலையில் எதையும் வாயில் வைக்காமல் மறுபடி ரத்தம் கொடுத்தாள். சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. ஸ்கேனில் நீர்க்கட்டியும் இல்லை.

"கட்டியே இல்லயா? அப்ப நோயும் இல்ல. வாய மூடிட்டுக் கல்யாணம் பண்ணு," என்றார் மாமி.

டாக்டர் விடவில்லை, விளக்கினார். மற்ற காரணங்களைப் பார்த்துத் தள்ளியாயிற்று. மாதவிலக்குத் தவறுகிறது, ரத்தத்தில் ஆண் ஹார்மோன் அதிகம். இரண்டும் போதும், ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் இது பிசிஓஎஸ்தான். பவுடர்க்காரன் சொன்ன வகையெல்லாம் மருத்துவத்தில் கிடையாது. பிள்ளை உண்டாக மாத்திரை உதவலாம், பலருக்கு உதவுகிறது, ஆனால் உறுதி தர முடியாது.

"நிச்சயம் முடியட்டும், அப்புறம் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லு," என்றேன் நான்.

"நீயுமா? போன வைலா."

மாப்பிள்ளை வீட்டார் கடைக்குச் சாப்பிட வந்தார்கள். ஹஃபீஸா மீன் குழம்போடு வந்து, உட்காராமலே உஸ்மானின் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மேசையோரத்தில் மாமி அவள் காலை மிதித்தார். "மிதிக்காதீங்க மாமி, வலிக்குது," என்று அதையும் சத்தமாகவே சொன்னாள்.

உஸ்மானின் உம்மா கையைத் தட்டிலேயே வைத்திருந்தார். "யோசிச்சுச் சொல்றோம்மா."

"நல்லா யோசிங்க. நானும் உங்க வீட்டப் பத்தி யோசிக்கணும்."

உஸ்மான் தட்டை நீட்டினான். "யோசிச்சு முடிக்கிற வரைக்கும் குழம்பு ஊத்தலாம்ல?"

அவள் ஊற்றவில்லை. கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"கை இருக்குல்ல?"